பழைய பில்லிங் மென்பொருள் ஊர்கிறது: புது சர்வரா, புது மென்பொருளா?

கேள்வி: 2019 ஜூன் 3, காலை 11.20

மொத்த மருந்து விற்பனை நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவு என்று சொல்லிக்கொள்ளும் ஒரே ஆள் நான். 2008இல், வாட் வரி காலத்தில், யாரோ எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருள் இன்னமும் ஓடுகிறது. நிரல் மொழி பிஎச்பி 5.3, தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் 5.1, இயங்குதளம் லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 6. நான்கு கோர் சிபியூ, 8 ஜிபி நினைவகம். பயன்படுத்துபவர்கள் 14 பேர். காலையில் பரவாயில்லை. மாலை 4 மணிக்கு மேல் பில்லைச் சேமிக்க அழுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். முதலாளி 64 ஜிபி சர்வர் வாங்கத் தயாராகிவிட்டார். வெளியிலிருந்து வந்த ஒருவர் எல்லாவற்றையும் ஜாவாவில் புதிதாக எழுத வேண்டும் என்று ஆறு மாதக் கணக்குக் கொடுத்திருக்கிறார். எது சரி? அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

பதில்: ஜூன் 3, மதியம் 1.05

இரண்டும் வேண்டாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. எலி எங்கே இருக்கிறது என்றே இன்னும் யாரும் பார்க்கவில்லை.

"மெதுவாக இருக்கிறது" என்று யார் சொன்னது? எந்தப் பக்கம்? எல்லாருக்கும் ஒரே நேரத்திலா, ஒருவருக்கு மட்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் சர்வர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

முதல் வேலை: பக்கங்களை அனுப்பிவைக்கும் வெப் சர்வரான அப்பாச்சியின் அணுகல் லாக் (வந்த கோரிக்கைகளின் பதிவேடு) வடிவத்தில் விழுக்காட்டுக் குறியோடு பெரிய 'டி' (D) எழுத்தைச் சேருங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எத்தனை மைக்ரோநொடி ஆனது என்று வரிக் கடைசியில் விழும். ஒரு நாள் ஓடவிட்டு அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள். தலையில் நிற்கும் பத்து வரிகள் போதும்.

இரண்டாவது, நெரிசல் நேரத்தில் 'டாப்' கட்டளையைத் திறந்து பாருங்கள். சிபியூ எரிந்துகொண்டிருந்தால் உங்கள் மென்பொருள் வேலை செய்கிறது. சிபியூ சும்மா இருக்க, பக்கம் மட்டும் வரவில்லை என்றால் அது எதற்காகவோ காத்திருக்கிறது. காத்திருப்பவனுக்கு 64 ஜிபி கொடுத்தால் 64 ஜிபியோடு காத்திருப்பான்.

ஜூன் 3, மதியம் 1.20

எழுத மறந்தது. மைஎஸ்கியூஎல்லின் மெதுவான குவெரி லாக்கையும் திறந்துவிடுங்கள். தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விதான் குவெரி, நேரம் பிடித்தவற்றை இது குறித்து வைக்கும். அதன் வரம்பு இயல்பாக 10 நொடி. 10 நொடிக்குக் குறைவான எதையும் அது மெதுவாகவே கருதாது. 1 என்று மாற்றுங்கள்.

ஜூன் 4, இரவு 9.40

தம்பி அனுப்பிய விவரம்: சிபியூ 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மெதுவான குவெரி லாக்கில் நாள் முழுவதற்கும் சேர்த்து ஏழெட்டு வரி, எல்லாம் ஏதோ ரிப்போர்ட். ஆனால் ஊழியர்கள் ஒன்று சொல்கிறார்கள்: பில்லைச் சேமித்துவிட்டு அது முடிவதற்குள் இன்னொரு தாவலில் ஸ்டாக் பார்க்கப் போனால் அதுவும் நின்றுவிடுகிறது. பக்கத்து மேசையில் இருப்பவருக்கு அதே ஸ்டாக் பக்கம் உடனே வருகிறது.

படித்ததும் சிரித்துவிட்டேன். 2014இல் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தின் மென்பொருளோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்) போட்டேன், நினைவகம் கூட்டினேன், வட்டை மாற்றினேன். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் புக்கிங் போடுகிற பெண் ஒருவர்தான், "சார், இது நின்றுவிட்டால் நான் வேறு பிரவுசரைத் திறந்து திரும்ப லாகின் செய்துகொள்வேன், அதில் வேகமாக வரும்" என்றார். அவர் இரண்டு வருடமாக அப்படித்தான் வேலை பார்த்திருக்கிறார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

காரணம் செஷன் பூட்டு. லாகின் செய்தவர் யார் என்பது போன்றவற்றை சர்வர் நினைவு வைத்துக்கொள்வதுதான் செஷன். பிஎச்பி இயல்பாக ஒவ்வொருவரின் செஷனையும் ஒரு கோப்பில் வைக்கிறது. செஷன் ஸ்டார்ட் என்று சொன்ன கணத்தில் அந்தக் கோப்பைப் பூட்டிக்கொள்கிறது. பக்கம் முழுதாக முடிந்தால்தான் விடும். அதே ஆளின் அடுத்த கோரிக்கை, எவ்வளவு சின்னப் பக்கமாக இருந்தாலும், வாசலில் நிற்க வேண்டியதுதான். வேறு பிரவுசர் என்றால் வேறு செஷன், வேறு கோப்பு. அதனால் வேகம்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? நிற்கிற அப்பாச்சி புராசஸின் (ஓடும் நிரலின்) எண்ணைப் பிடித்து, அது இயங்குதளத்திடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்டிரேஸ் கருவியை அதில் கோத்துவிடுங்கள். ஒரே ஒரு வரி வரும்: 'எஃப்லாக்', திறந்த அடைப்புக்குறி, 5, கமா, 'லாக் எக்ஸ்'. கோப்பைப் பூட்டக் கேட்கிறது என்று அர்த்தம். அதோடு சரி. அடைப்புக்குறி மூடாது. கர்சர் துடித்துக்கொண்டே நிற்கும். அந்த 5 என்ற எண் எந்தக் கோப்பு என்று, லினக்ஸ் புராசஸ் விவரங்களைக் காட்டும் பிராக் அடைவில் போய்ப் பார்த்தால் 'செஸ்' என்று தொடங்கும் செஷன் கோப்பின் பெயர் இருக்கும். முதல் பக்கம் முடிந்ததும் அடைப்புக்குறி தானாக மூடிக்கொண்டு மற்ற வரிகள் மடமடவென்று ஓடும்.

சரி, பூட்டை வைத்திருக்கிற முதல் பக்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது? எனக்கு அமைந்ததில் எஸ்எம்எஸ். புக்கிங் முடிந்ததும் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப, வெளி முகவரி ஒன்றை அதே பக்கத்துக்குள்ளிருந்தே அழைத்திருந்தார்கள். நேர வரம்பு எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் பிஎச்பியின் இயல்பு 60 நொடி. அந்தப் பக்கம் மூச்சுவிடாமல் கிடந்தால் 60 நொடி நம் ஆளும் கிடப்பார். பொறுமை இழந்து திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒவ்வோர் அழுத்தலும் வரிசையில் போய் நிற்கும்.

தம்பி, உங்கள் மென்பொருளும் பில் போட்டதும் கடைக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறதா?

ஜூன் 4, இரவு 10.30

அனுப்புகிறதாம்.

அப்படியானால்: செஷனில் எழுத வேண்டியதை எழுதி முடித்த உடனே, பூட்டை விட்டுவிட, செஷன் ரைட் குளோஸ் என்று ஒரு வரி. எஸ்எம்எஸ் அழைப்புக்கு 3 நொடி வரம்பு. நேரம் கிடைக்கும்போது அந்த அழைப்பையே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அனுப்ப வேண்டியதை ஓர் அட்டவணையில் எழுதி, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து அனுப்பட்டும்.

30 நொடியில் பிஎச்பியே பக்கத்தைக் கொன்றுவிடுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விண்டோஸில் சரி. லினக்ஸில் அந்த 30 நொடிக் கணக்கில் நிரல் ஓடிய நேரம் மட்டுமே சேரும். வலையிலிருந்து பதில் வரவோ தரவுத்தளம் முடிக்கவோ காத்திருந்த நேரம் சேராது. ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் பிஎச்பி தன் கணக்குப்படி இன்னும் அரை நொடிகூட ஓடவில்லை.

ஜூன் 5, காலை 7.15

நேற்று சொன்னதில் ஓர் ஓட்டை. செஷனை மூடிய பிறகு அதில் எதை எழுதினாலும் சேராது. பிழைச் செய்தியும் வராது. 2014இல் நான் பூட்டைத் திறந்த மறுநாள், "புக்கிங் பதிவாகிவிட்டது" என்ற பச்சைப் பட்டை காணாமல் போயிற்று. பதிவாகவில்லை என்று நினைத்து எல்லாரும் இரண்டு முறை பதிந்துவிட்டார்கள். ஒரே சரக்குக்கு இரண்டு ரசீது. மூடுகிற வரிக்குக் கீழே செஷனைத் தொடும் இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிவிட்டு மூடுங்கள்.

ஜூன் 6, மாலை 6.50

செஷன் விஷயம் தீர்ந்தது என்கிறார். ஆனால் பில் சேமிக்கும் பக்கம் இன்னமும் 9 நொடி. 60 வரி உள்ள பில் என்றால் 9, பத்து வரி என்றால் ஒன்றரை. நிரலை அனுப்பியிருந்தார், பார்த்தேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். பில்லின் ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று குவெரி: வரி விகிதம், எச்எஸ்என் எண் (வரிக்கான பொருள் வகை எண்), பேட்ச் விவரம். 60 வரிக்கு 180. உடனே, "இதுதான், வரிக்கு வரி குவெரி போடுகிற அந்தப் பழைய நோய்" என்று எழுதத் தொடங்கினேன். பாதியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே கணினியில் இருக்கும் தரவுத்தளத்தில் நல்ல குவெரி ஒன்று அரை மில்லிநொடிகூட ஆகாது. 180ம் சேர்ந்து பத்தில் ஒரு நொடிக்கும் கீழே. அசிங்கம்தான், ஆனால் 9 நொடிக்கு அது பதில் சொல்லாது. (தரவுத்தளத்தைத் தனிக் கணினிக்கோ மேகத்துக்கோ மாற்றும் நாளில் ஒவ்வொன்றுக்கும் போய்வரும் நேரம் சேரும். அன்றைக்கு இந்த 180 பேசும்.)

ஆகவே ஒவ்வொன்றையும் எக்ஸ்பிளெயின் (குவெரியை எப்படி ஓட்டும் என்று மைஎஸ்கியூஎல்லே சொல்லும் கட்டளை) போட்டுப் பார்க்கச் சொன்னேன். முதல் இரண்டும் சுத்தம். மூன்றாவது, பேட்ச் குவெரி: வகை என்ற இடத்தில் 'ஆல்', வரிகள் என்ற இடத்தில் 4,12,000. அட்டவணை முழுவதையும் படிக்கிறது. பொருள் குறியீட்டின்மேல் இன்டெக்ஸ் இருக்கிறதே என்கிறார் தம்பி. இருக்கிறது. ஆனால் அந்தப் புலம் எழுத்து வகை, குவெரியில் 417 என்று மேற்கோள் இல்லாமல் எண்ணாக நிற்கிறது.

எழுத்தை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் மைஎஸ்கியூஎல் எழுத்தை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். '417', '0417', '00417' எல்லாமே 417தான். இன்டெக்ஸ் எழுத்து வரிசையில் அடுக்கப்பட்டது. இந்த மூன்றும் அதில் மூன்று மூலையில் கிடக்கும். எனவே இன்டெக்ஸை விட்டுவிட்டு நான்கு லட்சம் வரியையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறது, மருந்துக்கு ஒருமுறை.

இரண்டு மேற்கோள் குறி போட்டார். 9 நொடி, அரை நொடிக்கும் கீழே இறங்கியது.

முன்னால் பூஜ்யம் வைத்துப் பதிந்த குறியீடுகள் ஏதாவது உண்டா என்று முதலில் தேடிவிட்டுத்தான் போடச் சொன்னேன். இதுவரை தற்செயலாகப் பொருந்தி வந்தவை மேற்கோள் போட்டதும் பொருந்தாமல் போகும். 11 பொருள்கள் அப்படி இருந்தனவாம்.

ஜூன் 6, இரவு 11.10

படுத்த பிறகு தோன்றியது. அந்தக் குவெரி ஏன் மெதுவான குவெரி லாக்கில் வரவில்லை? ஒருமுறை ஓட 0.15 நொடி. நான் வைக்கச் சொன்ன வரம்பு 1 நொடி. பிடிபடாமல் அறுபது முறை போய்வந்திருக்கிறது. வரம்பை 1 என்று வைக்கச் சொன்ன என் ஜூன் 3 குறிப்பை அடித்துவிடுங்கள். நெரிசல் நேரத்தில் பத்து நிமிடம் வரம்பை 0 ஆக்கி எல்லாவற்றையும் எழுதவிடுங்கள். பிறகு பெர்கோனாவின் டைஜஸ்ட் கருவியில் கொடுத்தால், ஒரே மாதிரிக் குவெரிகளை ஒன்றாகக் கட்டி மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்தித் தரும். ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்பதைவிட எல்லாம் சேர்ந்து எத்தனை என்பதுதான் வேண்டும். பத்து நிமிடம் முடிந்ததும் வரம்பை ஏற்றிவிடுங்கள், வட்டு நிரம்பிவிடும்.

இன்னொன்று. "சிபியூ 20 விழுக்காடு" என்றபோது நான் சும்மா கடந்துபோய்விட்டேன். நான்கு கோர் கணினியில் 20 என்றால் ஒரு கோர் கிட்டத்தட்ட முழுதாக எரிகிறது என்று அர்த்தம். 'டாப்' ஓடும்போது 1 என்ற விசையை அழுத்தினால் கோர் கோராகக் காட்டியிருக்கும். சிபியூ சும்மா இருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஜூன் 7, காலை 8.00

போகிற போக்கில் ஒன்று. தாமதம் முழு எண்ணில் வந்தால் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக 5 நொடி என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ், அதாவது இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. லினக்ஸ் ஒரு பெயர்ச் சேவையகத்துக்காக அவ்வளவுதான் காத்திருக்கும். சரியாக 60 என்றால் மேலே சொன்ன வெளி அழைப்பு. 4.7, 6.2, 5.9 என்று சிதறி வந்தால்தான் உண்மையான உழைப்பு.

ஜூன் 8, மதியம் 3.30

4 மணிக் கதை. பக்கங்கள் சரியாகிவிட்டன, ஆனால் 4 மணிக்கு மேல் சில நேரம் 14 பேருக்கும் சேர்ந்தாற்போல் நின்று, அரை நிமிடம் கழித்து ஒன்றாக விடுகிறதாம். அந்த அரை நிமிடத்தில் மைஎஸ்கியூஎல்லின் புராசஸ் பட்டியலை எடுத்து அனுப்பச் சொன்னேன். 13 வரியில் 'லாக்டு', அதாவது பூட்டுக்காகக் காத்திருக்கிறது. மேலே ஒரே ஒரு வரி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது: பகுதிவாரி விற்பனை ரிப்போர்ட், 38 நொடியாக. மேலாளர் 4 மணிக்கு எடுப்பது.

5.1இல் அட்டவணைகள் இயல்பாக மைஐசாம் வகை. அதில் பூட்டு முழு அட்டவணைக்கும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுபவர்கள் எத்தனை பேரும் ஒன்றாக உட்காரலாம். அவர்கள் படிக்கும் குவெரிகள். இலை எடுக்கிறவர் எழுதும் குவெரி. எல்லாரும் எழுந்தால்தான் அவர் உள்ளே வர முடியும். அவர் வாசலில் வந்து நின்றுவிட்டால் புதிதாக யாரையும் உட்காரவிட மாட்டார்கள். இப்போது பந்தியில் ஒரே ஒரு பெரியவர் ரசத்தைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர்தான் ரிப்போர்ட். இலை எடுக்கிறவர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் கல்யாணமே நிற்கிறது.

இன்னோடிபி என்ற இன்னொரு வகைக்கு மாற்றினால் பூட்டு வரி அளவில் இறங்கும், படிப்பவர் எழுதுபவரைத் தடுக்க மாட்டார். 5.5 முதல் அதுதான் இயல்பு. காப்பு எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாற்றுங்கள். பஃபர் பூல் (இன்னோடிபி தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடம்) அளவையும் கட்டாயம் கூட்டுங்கள். 5.1இல் அதன் இயல்பு 8 எம்பி. இப்போதைய ஃபோனில் இரண்டு படம்கூட அதில் அடங்காது. உங்கள் 8 ஜிபியில் 3 ஜிபி கொடுக்கலாம்.

ஜூன் 10, காலை 10.05

ஞாயிறு மாற்றினார். திங்கள் காலை முகப்புப் பக்கம் 12 நொடி. முன்பு அது உடனே வரும். திட்டி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார், நியாயம்தான்.

நான் சொல்லாமல் விட்டது: மைஐசாம் தன் வரிகளின் எண்ணிக்கையைத் தனியாக எழுதி வைத்திருக்கும், மொத்தம் எத்தனை என்று கேட்டால் பார்த்துச் சொல்லிவிடும். இன்னோடிபி அப்படி வைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் எண்ணும். உங்கள் முகப்பில் "இதுவரை போட்ட மொத்த பில்கள்: 11,48,203" என்று ஒரு வரி இருக்கிறது. யாருக்கு அது? கேட்டுப் பார்த்தாராம். பதினோரு வருடத்தில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. எடுத்துவிட்டார்.

பஃபர் பூலும் 8 எம்பியிலேயே இருந்திருக்கிறது. அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு மைஎஸ்கியூஎல்லை மீண்டும் தொடங்கவில்லை. ஓடும்போதே அதை மாற்றும் வசதி 5.7இல்தான் வந்தது.

ஜூன் 12, இரவு 8.45

பூட்டு போய்விட்டது. சரி, ரிப்போர்ட் ஏன் 38 நொடி? பெரியவரைத் தனியறையில் உட்கார வைத்துவிட்டோம், அவர் இன்னமும் அதே ரசத்தைத்தான் சாப்பிடுகிறார்.

வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து ஒரு பகுதியின் கடைகளை எடுத்து, கடைக் குறியீட்டை வைத்து விற்பனை அட்டவணையில் தேடுகிறது. இரு பக்கமும் எழுத்து வகை, இரு பக்கமும் இன்டெக்ஸ். ஆனாலும் 'ஆல்', பதினோரு லட்சம்.

எக்ஸ்பிளெயினோடு எக்ஸ்டெண்டெட் சேர்த்து, பிறகு எச்சரிக்கைகளைக் காட்டச் சொன்னால் மைஎஸ்கியூஎல் தான் புரிந்துகொண்ட குவெரியை எழுதிக் காட்டும். அதில் விற்பனையின் குறியீட்டைச் சுற்றி 'கன்வர்ட்' என்றும், உள்ளே 'யூடிஎஃப்8' (தமிழும் அடங்கும் எழுத்துக் குறிமுறை) என்றும் இருந்தது. கதை இதுதான்: சில வருடங்களுக்கு முன் கடைப் பெயர்களைத் தமிழில் அச்சிட வேண்டும் என்று வாடிக்கையாளர் அட்டவணை முழுவதையும் யூடிஎஃப்8க்கு மாற்றியிருக்கிறார்கள். பெயர் மட்டும் மாறியிருக்கலாம். குறியீடும் சேர்ந்து மாறிவிட்டது. விற்பனை அட்டவணை, தமிழ் அடங்காத பழைய குறிமுறையான லாட்டின்1இலேயே நிற்கிறது. இரண்டையும் ஒப்பிட லாட்டின்1 பக்கத்தை மாற்ற வேண்டும். மாற்றிய புலத்துக்கு இன்டெக்ஸ் உதவாது.

குறியீட்டுப் புலத்தை மட்டும் இரண்டு அட்டவணையிலும் லாட்டின்1 ஆக்குங்கள். 'எம்டியூ0231' என்ற குறியீட்டில் தமிழ் எழுத்து வரப்போவதில்லை. கடைப் பெயர் யூடிஎஃப்8இலேயே இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள்.

ஜூன் 13, காலை 6.30

"அதே இணைப்பு பில் பார்க்கும் பக்கத்திலும் இருக்கிறது, அது மட்டும் வேகமாக வருகிறதே" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அங்கே பயணம் எதிர்த் திசையில். முதலில் ஒரு பில், பிறகு அதன் கடை. தேடப்படுவது யூடிஎஃப்8 பக்கத்து இன்டெக்ஸ். மாற்றப்படுவது கையில் இருக்கும் ஒரே மதிப்பு. அதனால் இன்டெக்ஸ் வேலை செய்கிறது. நேற்று நான் எழுதியது எந்தத் திசைக்கும் பொருந்தும் என்பது போல் ஒலித்திருக்கும். இல்லை.

ஜூன் 15, மாலை 5.20

பிஎச்பி 7க்கு மாறினால் இரண்டு மடங்கு வேகம் என்கிறார்களே என்று இருவர் கேட்டுவிட்டார்கள். 5.6ஓடு ஒப்பிட்டால் பல மென்பொருள்களில் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் உங்கள் 9 நொடியில் பிஎச்பி எடுத்துக்கொண்டது எவ்வளவு? கால் நொடி இருக்கலாம். அதைப் பாதியாக்க முழு நிரலையும் தொட வேண்டும், ஏனென்றால் பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகள் 7இல் கிடையாது. உங்கள் நிரலில் அவை 640 இடத்தில் இருக்கின்றன என்றீர்கள். முதலில், தொகுத்த நிரலை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஏபிசியை நிறுவுங்கள். 5.3இல் அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எல்லாக் கோப்புகளையும் புதிதாகத் தொகுத்துக்கொண்டிருக்கும்.

மாற வேண்டாம் என்று சொல்லவில்லை. 5.6க்கே பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன, சென்ட்ஓஎஸ் 6க்கு 2020 நவம்பர் வரைதான். மாறுங்கள். வேகத்துக்காக மாறுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லாதீர்கள், அவர் ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு வருவார்.

64 ஜிபி பற்றி: அப்பாச்சியில் ஒரே நேரத்துப் புராசஸ்களின் உச்சவரம்பு 256 என்று இருக்கிறது. ஒவ்வொன்றும் 35 எம்பி. எல்லாம் எழுந்தால் 9 ஜிபிக்குக் கிட்டே, உங்களிடம் இருப்பதோ 8. அதிலும் 3ஐ இப்போது மைஎஸ்கியூஎல்லுக்குக் கொடுத்துவிட்டோம். 14 பேருக்கு 40 போதும். ஒரு வரி மாற்றம்.

ஜூன் 19, இரவு 9.10

தம்பி எழுதியிருப்பது: ரிப்போர்ட் 2 நொடி, பில் அரை நொடிக்குள். சர்வர் வாங்கவில்லை. ஜாவாக்காரர் இன்னமும் ஃபோன் செய்கிறாராம். புதுப் புகார், பில் உடனே வந்துவிடுகிறது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் பின்தங்கி, அதன் முன்னால் நான்கு பேர் நிற்கிறார்கள்.

பில்லைப் படமாக அனுப்புகிறீர்களா, வெறும் எழுத்தாக அனுப்புகிறீர்களா? படமாக என்றால் ஊசி ஒவ்வொரு புள்ளியையும் குத்திக்கொண்டிருக்கும். ஆனால் கடைப் பெயர் தமிழில் வேண்டும் என்றால் பிரிண்டரின் சொந்த எழுத்துரு உதவாது. ஒரு பில்லின் அச்சு எத்தனை நொடி ஆகிறது என்று நாளைக்கு அளந்து எழுதுங்கள். தலைப்பில் மட்டும் தமிழ் இருக்கிறதா, ஒவ்வொரு வரியிலும் இருக்கிறதா என்பதையும்.